நடிப்பென்று சொல்லப்பட்ட மூச்சிரைப்பு

சுனாமியில் கடல் வந்துபோன அடுத்த வருஷம் உம்மாவுக்கு மூச்சு இரைக்கத் தொடங்கியது. நிமிர்ந்து படுக்க முடியாது. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்குவார். வீங்கிய காலை அழுத்தினால் குழி விழும். கல்முனை டொக்டர் தண்ணீர்க் குளிசை கொடுத்தார். வீக்கத்தைச் சிறுநீராகக் கழிக்கும் மாத்திரை அது.

எங்கள் பகுதியில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து வாழ்வது. அப்படி வந்தவர் என் மூத்த சகோதரி ராத்தாவின் கணவர், என் மச்சான். கடல் தின்ற வீட்டுக்குப் பதிலாகக் கிடைத்த வீட்டிலும் அவர் வாய்தான் பெரிது. உம்மாவை ஸ்கேன் எடுக்கக் கூட்டிப்போய் வந்து, முற்றத்தில் நின்று ஊருக்கே கேட்கச் சொன்னார்.

"ஹார்ட் நல்லா அடிக்கிதாம். மாமிக்கு ஒண்டுமில்ல, எல்லாம் நடிப்பு."

நோன்பு மாதம் வந்தது. குளிசை போட்டால் அடிக்கடி சிறுநீர் போகும், தொழுகைக்காகக் கைகால் கழுவிச் செய்த ஒளு முறிந்துவிடும். இரவில் நீளும் தராவீஹ் தொழுகையில் நிற்க முடியாதே என்பதுதான் உம்மாவின் கவலை. மச்சான் அதைப் பிடித்துக்கொண்டார். "நோயில்லாத ஆளுக்கு என்னத்துக்கு மாமி குளிசை? உட்டுட்டு நிம்மதியாத் தொழுங்க." உம்மா சந்தோஷமாக விட்டார். பெருநாளைக்கு முன்பே நீர் வயிறுவரை ஏறிவிட்டது.

கொழும்புக்குக் கொண்டுபோனேன். அங்கே இரத்தம் எடுத்துப் பார்த்த டொக்டர் சொன்னார்: "அடிக்கிறது சரிதான். ஆனா தசை இறுகிப்போச்சு, விரிஞ்சு இரத்தத்த வாங்குதில்ல. உள்ளுக்கு அழுத்தம் கூடிச் சுவர் இழுபடுற நேரம் இதயம் ஒரு பொருள இரத்தத்துல விடும். உங்கட உம்மாவுக்கு அது கடும் கூட." குளிசையை ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்டார். "ஒளு முறியுமே" என்றார் உம்மா.

அந்த வார்டிலேயே மௌத்தானார். கடைசியாக என்னிடம், "நான் நடிக்கல்லண்டு மச்சானுக்கிட்ட சொல்லு மகள்" என்றார். சொன்னேன். "அல்லாஹ்ட நாட்டம்" என்றுவிட்டு மச்சான் ஜனாஸா அடக்கும் வேலைகளைப் பார்க்கப் போனார். அவருக்கும் மூச்சுத் திணற வேண்டும் என்று அன்றிலிருந்து துஆக் கேட்டேன். பாவமென்றால் பாவம்தான்.

யுத்தம் முடிந்து ரோட்டில் வெடி கொளுத்திய கிழமை அது நடந்தது. பக்கத்து வளவில் இருந்த என்னை ராத்தா அழுதபடி கூப்பிட்டார். மச்சான் அதே சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார், கால்கள் வீங்கி. ஸ்கேனில் ஒரு குறையும் இல்லையாம். கொழும்பு டொக்டரைத் தெரிந்தவள் நான்தான்.

"ஹார்ட் நல்லா அடிக்கிதாமே மச்சான்," என்றேன். "நடிக்காம எழும்புங்க."

ராத்தா என் கையைப் பிடித்தார். உதறினேன். "முதல்ல முத்தத்துல நிண்டு சொல்லட்டும். அண்டைக்குச் சொன்ன மாதிரி எல்லாருக்கும் கேக்கட்டும்."

வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு, இரைத்து இரைத்துச் சொன்னார்: "மாமி நடிக்கல்ல." எதிர்வீட்டுப் பெண் அரிசி புடைப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். எனக்குப் போதவில்லை. இன்னொருமுறை சொல்லவைத்த பிறகுதான் கொழும்புக்கு வான் வண்டி பிடித்தேன்.

அவர் இரத்தத்திலும் அதே பொருள், அதே மாதிரி அதிகம். அதே தண்ணீர்க் குளிசையைத்தான் கொடுத்தார்கள். மச்சான் அதைக் கையில் வைத்துக்கொண்டு, "ஒளு முறியுமே" என்றார்.

"முறியட்டும்," என்றேன்.

பிழைத்துக்கொண்டார். காலையில் அந்தக் குளிசையை நான்தான் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். மாமி நடிக்கவில்லை என்று சொல்லிவிட்டுத்தான் அவர் விழுங்க வேண்டும்.