பன்னிரண்டு மணி, எந்த ஊர்க் கணக்கில்

வெளிநாட்டில் விமானம் ஓட்டுகிறவர்கள் எல்லாரும் வேலைநிறுத்தம் செய்யப் போகிறார்களாம், உமர் பாரூக் மகன் நிஷாத்தை மட்டும் கம்பெனி முன்கூட்டியே வீட்டுக்கு அனுப்பிவிட்டதாம். உளுந்தூர்பேட்டை பஸ்ஸில் யாரோ சொன்னதைக் கண்டக்டர் கேட்டார், கண்டக்டர் சொன்னதை சலூன்காரர் கேட்டார். கள்ளக்குறிச்சி கடைவீதியில் இருக்கும் பெயின்ட், பைப் கடைக்கு அந்தச் சேதி வந்து சேர்வதற்குள் அதில் நிஷாத் கால் டாக்சி ஓட்ட வண்டி பார்த்துக்கொண்டிருந்தான்.

"இன்னாண்ணே, கார் வாங்கப் போறியாமே? என்னாண்ட ஒரு வார்த்த சொல்லல," என்றான் அப்சல். நிஷாத்தின் சித்தப்பா மகன். நிஷாத்தின் அத்தா மவுத்தாகிப் போன பிறகு கடை அவன் கையில்தான் இருக்கிறது.

"வேல எங்கயும் போவல. கம்பெனில புது ஒப்பந்தம் போடறாங்க. சம்மதமா இல்லியான்னு எங்க எல்லாரையும் கேக்கறாங்க, அவ்ளோதான்."

"சம்பளம் ஏத்தறாங்களா?"

"ஏத்தறாங்க."

"அப்புறம் இன்னாத்துக்கு அட்டப்பொட்டி மேல இப்படி மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கினு குந்திகினு கீற? கடைக்கு வர்றவன் துக்க வூடுன்னு நெனச்சிக்கப் போறான்."

நிஷாத் சிரித்தான்.

டொராண்டோவிலிருந்து பறக்கும் ஒரு கம்பெனியில் அவன் துணை விமானி. கல்யாணம் ஒன்று நடந்து, நிலைக்காமல் போயிற்று. விமான நிலையத்துக்குப் பக்கத்தில் வாடகைக்கு ஒரு வீடு. ஃப்ரிட்ஜில் கெட்டுப்போகாத சாமான் மட்டும்தான் வைப்பான். எதிர்வீட்டுக்காரிக்கு அவன் முகம் தெரியாது. பெட்டிச் சக்கரம் உருளும் சத்தம் தெரியும். ஒரு மாதத்தின் லீவு நாட்களைக் கடைசியில் சேர்த்து வைத்து, அடுத்த மாதத்து லீவை அதன் தலையில் ஒட்டவைத்து, அப்படியே ஊருக்கு வந்துவிடுவான். வருஷத்தில் நாலைந்து தடவையாவது அம்மா முகத்தைப் பார்க்க முடிந்தது அந்த ஒட்டுவேலையால்தான்.

புது ஒப்பந்தம் அதைத்தான் வெட்டியது. இனி லீவை மாதம் முழுக்கப் பரப்பித்தான் தருவார்கள், சேர்த்து வைக்க விடமாட்டார்கள். மற்ற விமானிகள் பலருக்கு அது கொண்டாட்டம். அவர்களுக்கு வீடு அங்கேயே, பிள்ளைகள் அங்கேயே. புதிதாகச் சேர்ந்தவர்களின் சம்பளமும் இதில்தான் மேலே வரும். கூடப் பறந்த ஒரு பெண், வாடகை கட்ட முடியாமல் தோழி வீட்டு சோபாவில் படுத்துக் கிடப்பதாகச் சொல்லியிருந்தாள். வேண்டாம் என்றால் அவள் வாயிலிருந்து பிடுங்குகிற மாதிரி. சரி என்றால் கள்ளக்குறிச்சி இன்னும் தூரமாகிவிடும். விமானிகள் சங்கத்தின் பிரதிநிதி பிரையன் இரண்டு முறை கேட்டபோதும் "கொஞ்சம் பொறு" என்றே சொல்லி வைத்திருந்தான்.

ஊரிலும் அவனுக்கென்று ஒரு வேலையும் இல்லை. பார்க்கிறவர்கள் எப்ப வந்தே என்று கேட்பார்கள், அடுத்த வாயில் எப்பப் போறே என்பார்கள். அம்மா நூர்ஜகான் சாயங்காலத்தில் தெருப் பிள்ளைகளுக்கு குர்ஆன் ஓதச் சொல்லித் தருகிறாள். கூடம் முழுக்கச் சளசளவென்று இருக்கும். இவன் மாடியிலிருந்து இறங்கி வந்தால் பிள்ளைகள் கப்பென்று அடங்கி, விருந்தாளியைப் பார்ப்பதுபோல் பார்க்கும். திரும்ப மேலே போய்விடுவான்.

பதில் சொல்லக் கடைசி நாள் வந்தது. பகல் பன்னிரண்டோடு முடிகிறது என்று சங்கத்தின் இணையப் பக்கத்தில் போட்டிருந்தது. அன்று அப்சல் வெள்ளிமலைக்கு பைப் ஏற்றிக்கொண்டு புறப்பட்டான். நிஷாத்தும் குட்டியானை வண்டியில் ஏறிக்கொண்டான்.

"மேல டவர் எடுக்காதுண்ணே. போன் வருது போன் வருதுன்னு பதறிகினு இருந்தியே."

"எடுக்கலன்னா பரவால்ல."

எடுக்காது என்பதற்காகத்தான் ஏறினான். கச்சிராயபாளையம் தாண்டி, வளைவுகள் ஆரம்பித்ததும் போனில் கோடுகள் ஒவ்வொன்றாக உதிர்ந்தன. மேலே மரவள்ளிக் காடுகளுக்கு நடுவில் வேடியப்பன் கடைக்கு முன்னால் பைப்பை இறக்கினார்கள்.

"நீங்கதான் ஏரோப்ளேன் ஓட்டறவருங்களா?" என்றார் வேடியப்பன். "எங்க தலைக்கு மேலதான தெனம் போறீங்க. ஒரு நாளு எறங்கி டீ குடிச்சிட்டுப் போறது."

"எறக்க எடம் வேணுமேங்க."

"மரவள்ளி புடுங்கனதும் காடு சும்மாதான் கெடக்கும். எப்பப் போறீங்க?"

நிஷாத் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். விமானிகளுக்குச் சொந்த ஊர் நேரம் கிடையாது. பூமியின் எந்த மூலையிலிருந்து கிளம்பினாலும் அவர்கள் காகிதங்களில் லண்டன் பக்கத்து கிரீன்விச் நேரம் ஒன்றுதான். அதற்கென்றே அவன் கடிகாரத்தில் தனி முள் உண்டு. மலையில் வெயில் சாய்ந்த வேளையில் அந்த முள் பன்னிரண்டைத் தொட்டது.

முடிந்துவிட்டது. சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. மற்றவர்கள் பார்த்துக்கொள்வார்கள். தோளிலிருந்து மூட்டையை யாரோ இறக்கி வைத்த மாதிரி இருந்தது. இறங்கும்போது அப்சலிடம் கதையெல்லாம் பேசிக்கொண்டு வந்தான்.

கச்சிராயபாளையத்தில் டவர் எடுத்ததும் அம்மாவைக் கூப்பிட்டான்.

"அம்மா, அந்த ஒப்பந்தம் முடிஞ்சிடுச்சிம்மா. அனேகமா எல்லாரும் சரின்னுதான் சொல்லியிருப்பாங்க. இனிமே மாசம் விட்டு மாசம் வர முடியாதுன்னு நெனைக்கறேன். வருசத்துக்கு ஒருவாட்டி வந்தா பெருசு."

அந்தப் பக்கம் பிள்ளைகள் ஓதுகிற சத்தம் கேட்டது.

"நீ இன்னா சொன்னே?" என்றாள்.

"நான் ஒண்ணும் சொல்லலம்மா."

"ம்." என்றாள். "அப்ப மாடிய வாடகைக்கு அமிர்தம் டீச்சர் கேட்டுகினே இருக்காங்க. நீ வந்து போவியேன்னுதான் குடுக்கல. குடுத்துடட்டுமாப்பா? ராத்திரில வூட்ல ஒரு ஆளு சத்தம் இருக்கும்."

"குடுத்துடுங்கம்மா."

"இன்னிக்கே சொல்லிடறேன். அவங்களும் எவ்ளோ நாளு காத்திருப்பாங்க." வைத்துவிட்டாள்.

போனைச் சட்டைப்பையில் போடுவதற்குள் பிரையன் கூப்பிட்டான். யார் பதில் போட்டார்கள் என்பது அவனுக்குத் தெரியும், என்ன போட்டார்கள் என்பதுதான் தெரியாது. நிஷாத் பெயருக்கு எதிரே இன்னும் காலியாக இருக்கிறதே என்றான்.

"பன்னிரண்டோட முடிஞ்சிடுச்சே," என்றான் நிஷாத்.

பிரையன் சிரித்தான். "நீயுமா? காலையிலிருந்து நாலு பேர் இதையே சொல்லிவிட்டார்கள். அதை எழுதினது விமானி இல்லையப்பா, ஆபீஸ் அம்மாள். எங்க ஊர் பன்னிரண்டு. இங்கே இப்போதுதான் காலைக் காப்பி குடிக்கிறோம். ரொம்ப இழுபறியாக இருக்கிறது. எதுவானாலும் போடு."

அப்சல் வண்டியைக் கரும்பு லோடுக்குப் பின்னால் ஓரங்கட்டி, டீ சொல்லப் போயிருந்தான். நிஷாத் சங்கத்தின் பக்கத்தைத் திறந்தான். இரண்டு கட்டங்கள், சம்மதம் என்று ஒன்று, இல்லை என்று ஒன்று. விரல் எதன்மேலும் போகவில்லை. அம்மா டீச்சரிடம் சொல்லிவிட்டாளா? சொல்லாவிட்டால், சொல்லவேண்டாம் என்று சொல்ல வேண்டும். அதற்கு முன்னால் ஒன்று கேட்க வேண்டும். நீ வாடா என்று அவள் வாயால் இதுவரை சொன்னதில்லை. இவனும் வரட்டுமா என்று கேட்டதில்லை. லீவை ஒட்டவைத்து வந்து நிற்பான், அவள் உலையில் கூட ஒரு பிடி அரிசி போடுவாள்.

"அப்சலு, உன் போனக் குடு," என்றான், டீயோடு வந்தவனிடம்.

"ஏன், உன்னுதுக்கு இன்னா?"

"இதுல வேற தெறந்து வச்சிருக்கறேன். மூடிட்டா மறுபடி தெறக்க மாட்டேன்."

அப்சல் டம்ளர்களை வண்டிமேல் வைத்துவிட்டு நீட்டினான். ஒரு கையில் இரண்டு கட்டங்களும் வெளிச்சமாக இருந்தன. மறு கைப் போனைக் காதில் வைத்தான். மணி போயிற்று. அந்தி நேர மக்ரிப் தொழுகையில் இருப்பாளோ, டீச்சர் வீட்டுப் படி ஏறிக்கொண்டிருப்பாளோ தெரியவில்லை. தானாகவே கட் ஆனது. மறுபடி போட்டான்.

"டீ ஆறுதுண்ணே," என்றான் அப்சல்.

மணி போய்க்கொண்டே இருந்தது.