சுவர் வழியே கேட்ட பதில்

எங்கள் சமையல்கூடத்திலிருந்து நாலு பள்ளிக்கூடங்களுக்கு மதியச் சாப்பாடு போகிறது. அலர்ஜி உள்ள பிள்ளைகளின் தட்டுகளைப் பதினேழு வருஷமாக மிசாவோ அக்காதான் பார்த்துக்கொள்கிறாள். ஒவ்வொரு தட்டையும் விரலால் சுட்டிக்காட்டி, பிள்ளையின் பேரை உரக்கச் சொல்லி, அப்புறம்தான் மூடுவாள். பக்கத்தில் நின்று சோறு அள்ளுகிற எனக்குக் காது புளித்துப்போகும்.

போன ஜூன் மாசம், முட்டை ஒத்துக்கொள்ளாத ஒரு பெண்குழந்தைக்கு முட்டை போட்ட தட்டு போய்விட்டது. அந்தப் பள்ளியின் மூன்றாம் வகுப்பில் இகராஷி என்ற குடும்பப் பேரில் இரண்டு பிள்ளைகள். எங்கள் சஞ்ஜோ ஊரில் கல்லை விட்டெறிந்தால் ஒரு இகராஷி மேல்தான் விழும். அன்றைக்கு அக்கா குடும்பப் பேரை மட்டும் சொல்லி மூடிவிட்டாள். குழந்தைக்கு உதடு வீங்கி, மூச்சு இழுத்து, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். நல்லவேளை, மறுவாரமே பள்ளிக்கு வந்துவிட்டது.

அக்காதான் தேறவில்லை.

தப்பு நடந்தால் எங்கே சறுக்கினோம் என்று கைப்பட எழுதிக் கொடுப்பது எங்கள் வழக்கம். அக்காவும் எழுதினாள். மேற்பார்வையாளர் வாங்கிக்கொண்டு, இனி முழுப்பேரையும் சொல்லவேண்டும் என்று விதியை மாற்றினார். குழந்தையின் அம்மாவும் மன்னிப்பை ஏற்றுக்கொண்டாள். அதோடு விட்டிருக்கலாமே! வாராவாரம் அக்கா புதிதாக ஒரு தாள் எழுதிக் கொண்டுவந்தாள். ஒன்பதாவதை அவர் வாங்க மறுத்ததும், அப்படியானால் வெள்ளிக்கிழமையோடு வேலையை விட்டுவிடுகிறேன் என்றாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வியாழக்கிழமை சாயங்காலம் அவள் கூடவே நடந்தேன். அடுக்ககத்தில் எங்கள் வீடுகள் ஒட்டினாற்போல் இருக்கின்றன. புருஷன் செத்து ஆறு வருஷமாகியும், கதவைத் திறந்ததும் “வந்துட்டேன்” என்று வெறும் வீட்டுக்குச் சொல்லிவிட்டுத்தான் அவள் செருப்பைக் கழற்றுவாள். சுவர் வழியே எனக்குத் தினமும் கேட்கும். ஜூனுக்குப் பிறகு கேட்கவே இல்லை. அன்றைக்கும் திருடி மாதிரி சத்தமில்லாமல் உள்ளே காலை வைத்தாள்.

“ஏன்க்கா இப்பல்லாம் சொல்றதில்ல?” என்று கேட்டேன்.

“சொன்னா, ‘வா வா, களைச்சு வந்திருப்ப’ன்னு அவர் சொல்ற மாதிரியே இருக்கும் சுமியே. அந்தப் பதிலைக் கேக்க எனக்கு யோக்கியதை இல்ல.”

எனக்கு வாய் நீளம், அது ஊரறிந்த விஷயம். “அந்தத் தட்டை நான் மூடியிருந்தா? இந்த வாசல்ல வந்து நின்னா என்னை வெளியவே நிக்க வெச்சிருப்பீங்களா?”

“உன்னை எதுக்குடி...” என்று ஆரம்பித்தவள் பாதியிலேயே நிறுத்திவிட்டாள். முகம் கோணிக்கொண்டது. கதவைச் சாத்தினாள்.

ரொம்பப் பேசிவிட்டோமோ என்று தோன்றியது. வீட்டுக்கு வந்து, பையைக்கூட இறக்காமல் சுவரோரம் நின்றேன். பிறகு சுவருக்கு அந்தப்பக்கம் மெல்ல, “வந்துட்டேன்.”

கொஞ்சம் பொறுத்து, அதே குரல், அவளுடைய குரலேதான், தானே பதிலும் சொன்னது: “வா. பயந்து போயிருக்க. உள்ள வா.”

அதன் பிறகு அவள் அழுத அழுகை இருக்கிறதே, அப்பா! புருஷன் செத்தபோதுகூட அப்படி அழுது நான் கேட்டதில்லை. போய்க் கதவைத் தட்டலாமா என்று கை பரபரத்தது. தட்டவில்லை.

வெள்ளிக்கிழமை அவள் யாரிடமும் விடைபெறவில்லை. திங்கட்கிழமை வேலைக்கு வந்து, தட்டின் மேல் விரலை நீட்டி, அதிலிருந்த பேரை இரண்டு தரம் படித்தாள். இன்னும் அப்படித்தான் படிக்கிறாள். “இகராஷி கோஹரு” என்று அந்தக் குழந்தையின் முழுப்பேரையும் சொல்லிவிட்டு மூடினாள்.