நால்வரை நடைமேடையில் விட்டுவிட்டு லோதி தோட்டம் போன கதை

சரோஜினி நகரிலிருந்து லோதி தோட்டத்துக்கு மெட்ரோவில் இரண்டே நிறுத்தம். இதற்கெல்லாம் ஒரு பயணக் கட்டுரையா என்று கேட்பவர்கள், முழங்கால் மூட்டு மாற்றிக்கொண்ட ஒருவரோடு ஒரு முறை போய்விட்டு வந்து பேசட்டும்.

பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை போனோம். டெல்லியில் ஸ்வெட்டரைக் கழற்றலாமா வேண்டாமா என்று எல்லோரும் யோசிக்கும் பருவம். போன காரணம் புஷ்பம். எங்கள் கட்டடத்தில் எனக்குக் கீழ்த்தளத்தில் இருப்பவள், திருநெல்வேலிப் பக்கத்துக்காரி, என்னைவிட ஐந்து வயது சிறியவள். அக்டோபரில் அவளுக்கு மூட்டு மாற்று அறுவை சிகிச்சை நடந்தது. அதிலிருந்து பூனாவில் இருக்கும் மகள், வீட்டைக் காலி செய்துவிட்டு வந்துவிடு என்று தினமும் போன் செய்கிறாள். இழுபறிக்குப் பிறகு தாயும் மகளும் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தார்கள். மெட்ரோவில் போய், லோதி தோட்டத்துக் கல்பாலம் வரை நடந்து, ஆட்டோ எடுக்காமல் வீடு திரும்பினால் புஷ்பம் டெல்லியிலேயே இருக்கலாம். முடியாவிட்டால் ஹோலி கழிந்ததும் பூனா. கைத்தடிக்கு அனுமதி உண்டு. மருத்துவரும் நடக்கத்தான் சொல்லியிருந்தார்.

எங்கள் நடைக்குழுவுக்கு நான் தலைவி. யாரும் தேர்ந்தெடுக்கவில்லை, அந்த அளவுக்கு யாரையும் யோசிக்க விடவில்லை. கான்வென்ட்டில் படித்தவள் நான். மணி அடித்தால் வரிசையில் நிற்க வேண்டும் என்பது எனக்கு மூச்சு விடுவதைப் போல. மத்திய அரசு அலுவலகத்தில் ஒரு பிரிவை நடத்தினேன். என் மேஜையில் கோப்பு தேங்கியதே இல்லை. பெருமையாகத்தான் சொல்கிறேன். கணவர் போன பிறகு அந்தத் திறமையெல்லாம் நடைக்குழுவுக்கு வந்து சேர்ந்தது.

ஆகவே திட்டம் கச்சிதமாக இருந்தது. எட்டு மணிக்குப் புறப்பாடு, ஒன்பதேகாலுக்குப் பாலம், பத்தரைக்கு வீடு. ஐந்து பேருக்குமான டிக்கெட்டுகளை என் போனிலேயே எடுத்துவிட்டேன். நுழைவாயிலில் ஒவ்வொருவரையும் நானே ஸ்கேன் செய்து உள்ளே அனுப்பினேன். புஷ்பம், என் பழைய அலுவலகத்து லலிதா, எதிர்வீட்டு அக்கா தங்கை இருவர், கடைசியில் நான்.

ஐ.என்.ஏ. நிலையத்தில் இளஞ்சிவப்புத் தடத்திலிருந்து மஞ்சள் தடத்துக்கு மாற வேண்டும். போகிறவர்கள் கவனிக்கவும்: வரைபடத்தில் ஒரு புள்ளியாகத் தெரியும் இந்த இடம் நடந்தால் நீளமானது. நான் முன்னால் விரைந்தேன். மஞ்சள் தட நடைமேடைக்கு வந்தபோது ரயில் நின்றுகொண்டிருந்தது. புஷ்பத்துக்கு இருக்கை பிடித்து வைக்க வேண்டும் என்று பெண்கள் பெட்டிக்குள் பாய்ந்தேன். பிடித்தும் விட்டேன், கதவோரம், கைப்பையை வைத்து. திரும்பிப் பார்த்தால் கதவு மூடிக்கொண்டது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நான்கு பேர். லலிதா எனக்கு டாட்டா காட்டினாள்.

அடுத்த நிலையமே ஜோர் பாக், நாங்கள் இறங்க வேண்டிய இடம். இறங்கி நின்றேன். அடுத்த ரயில் வந்தது; அவர்கள் வரவில்லை. அதற்கடுத்ததிலும் இல்லை. லலிதாவுக்குப் போன் செய்தேன்.

"வரோம் மேடம். டென்ஷன் மத் லோ." பதறாதீர்களாம்.

"டிக்கெட்டெல்லாம் என்கிட்ட இருக்கு, லலிதா!"

"அச்சா, அப்ப எங்களை விட்டுட்டு வீட்டுக்குப் போயிடாதீங்க," என்று வைத்துவிட்டாள்.

நான் நடைமேடையில் மேலும் கீழும் நடப்பதைப் பார்த்துப் பாதுகாவலர் ஒருவர் அருகில் வந்தார். "மாதாஜி, கோயீ கோ கயா க்யா?" யாராவது தொலைந்துவிட்டார்களா என்றார். நான்கு பேர் என்றேன். அவர் என்னை ஒரு முறை பார்த்தார். "சார் லோக் ஏக் சாத்? தோ ஃபிர் ஆப் கோயீ ஹைன்." நால்வரும் ஒன்றாக இருக்கிறார்களாம், அப்படியென்றால் தொலைந்தது நான்தானாம். அந்தத் தர்க்கத்தில் என்னால் ஒரு குறையும் கண்டுபிடிக்க முடியவில்லை. போய் பெஞ்சில் உட்கார்ந்தேன்.

அரை மணி கழித்து வந்தார்கள், சிரித்துக்கொண்டே. நால்வரிடமும் பெருங்காய வாசனை.

"மெட்ரோவில சாப்பிட்டீங்களா?"

"தட்டை, எக்கா," என்றாள் புஷ்பம். "நீங்கதான் போயிட்டீங்கள்லா. யாரு ஏசப் போறா?"

"ஃபைன் போடுவாங்க, தெரியுமா?"

"போட்டா உங்க போன்லேந்து கட்டிடுவீங்க, சப் குச், எல்லாமே அதுலதானே இருக்கு," என்றாள் லலிதா.

லிஃப்டில் போகும்போது புஷ்பம் மெல்லச் சொன்னாள். "எக்கா, அங்கனயே காலு கெஞ்ச ஆரம்பிச்சுட்டு. நீங்க இருந்திருந்தா வாயத் தொறந்திருக்க மாட்டேன். அஞ்சாறு ரயில விட்டுட்டு உக்காந்தேன். இப்பம் பரவால்ல."

முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆட்களை நடத்தியவள் நான். என் பின்னால் வருகிறவர்கள் ஏன் முணுமுணுப்பதில்லை என்பதற்கு எனக்கு நானே கொடுத்துக்கொண்டிருந்த விளக்கம் வேறு. அது லிஃப்ட் மேலே வருவதற்குள் காலாவதியாகிவிட்டது.

வெளியே வந்ததும் புஷ்பத்தை முன்னால் போகச் சொன்னேன். நான் கடைசியில் நடந்தேன். நிலையத்திலிருந்து தோட்டத்து வாசல் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர். நடைபாதை அகலமானது, நிழல் உண்டு. தோட்டத்துக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது. உள்ளே பெஞ்சுகள் ஏராளம். இது எனக்கு அன்றுதான் தெரிந்தது, ஏனென்றால் புஷ்பம் ஒன்றையும் விடாமல் உட்கார்ந்தாள். ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, ஓய்வு பெற்ற ஆண்கள் கூட்டமொன்று வட்டமாக நின்று கட்டளைக்குச் சிரிப்பதைப் பார்த்தோம். சிரிக்கச் சொல்லிக் கட்டளையிட்ட மனிதர் மட்டும் சிரிக்கவில்லை. லலிதா என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் எதிரே இருந்த பழைய சுல்தான் கல்லறையின் மாடத்துக் கிளிகளைப் பார்த்தேன்.

பாலத்துக்கு வந்தபோது பத்தே முக்கால். புஷ்பம் கைப்பிடிச் சுவரில் தடியைச் சாய்த்துவிட்டு மகளுக்கு வீடியோ அழைப்பு செய்தாள்.

"எவ்வளவு நேரம் ஆச்சும்மா?"

"ஒப்பந்தத்துல நேரம் உண்டா? பாலம் தெரியுதா பாரு."

"தெரியுது, தெரியுது. இன்னும் வீடு இருக்கு," என்றாள் மகள். அம்மாவுக்கேற்ற பெண்.

திரும்பும்போது தோட்டத்து வாசலில் புஷ்பம் நின்றுவிட்டாள். முகம் வெளுத்திருந்தது. சரியாக அந்த நேரத்தில் ஓர் ஆட்டோ வந்து உரசி நின்றது. "ஆயியே மாதாஜி, சரோஜினி நகர், டேட் சௌ." நூற்றைம்பது. நூறு ரூபாய்க்கு முடித்துவிடுவேன். வாய் திறந்தாகிவிட்டது. புஷ்பம் என்னைப் பார்த்தாள், ஆட்டோவைப் பார்க்கவில்லை. ஏறு என்று நான் சொன்னால் ஏறிவிடுவாள். அலுவலகத்தில் எல்லோரும் ஏறியிருப்பார்கள்.

"நீ சொல்லு," என்றேன்.

வாழ்க்கையில் நான் அதிகம் பயன்படுத்தாத இரண்டு சொற்கள். அவளைப் பூனாவுக்குப் போகவிடாமல் நிறுத்தும் ஆசையில் நடக்கச் சொல்லவும் எனக்கு உரிமை இல்லை.

"பையா, ஜாவ்," என்று ஆட்டோவைப் போகச் சொன்னாள் அவள். ஆட்டோக்காரர் தலையில் அடித்துக்கொண்டு போனார். வாசலை ஒட்டிய திண்டில் ஐவரும் வரிசையாக உட்கார்ந்தோம். மிச்சத் தட்டையைச் சாப்பிட்டோம். அங்கே விதி எதுவும் இல்லை. கொஞ்ச நேரத்தில் முகத்தில் நிறம் திரும்பியது. அவளாக எழுந்தாள், அவளாக நடந்தாள். வீட்டுக் கதவை அவள் திறந்தபோது மணி ஒன்றரை. என் திட்டத்தைவிட மூன்று மணி நேரம் அதிகம். பூனாவிலிருந்து, "சரிம்மா, ஜெயிச்சுட்டே," என்ற குரலை நாங்கள் ஐவரும் கேட்டோம்.

மூத்தவர்களோடு போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். டிக்கெட்டை அவரவரிடம் கொடுங்கள். ஐ.என்.ஏ.வில் லிஃப்ட் எங்கே என்று முதலில் கேளுங்கள். எஸ்கலேட்டரை நம்ப வேண்டாம். வார நாளென்றால் அலுவலகக் கூட்டம் ஓய்ந்த பிறகு போங்கள். தண்ணீர் கொண்டு போங்கள். மெதுவாக நடப்பவரை முன்னே விடுங்கள். பின்னால் நடப்பது ஆரம்பத்தில் உடம்பெல்லாம் அரிக்கும், எனக்கு இன்னும் அரிக்கிறது. ஆனாலும் யார் கால் இழுக்கிறது என்பது பின்னாலிருந்துதான் தெரிகிறது.

அன்று இரவு புஷ்பம் போன் செய்தாள். "எக்கா, நாளைக்கு மார்க்கெட்டுக்குக் காய் வாங்கப் போவமா?"

"எத்தனை மணிக்கு?"

"எந்திச்ச பொறவு."

மறுநாள் காலை ஆறு மணிக்கே ஷூவை மாட்டிக்கொண்டு கூடையோடு உட்கார்ந்துவிட்டேன். எட்டே முக்காலுக்கு அழைப்பு மணி அடித்தாள். நான் கடிகாரத்தைப் பார்க்கவில்லை என்றுதான் அவளிடம் சொன்னேன்.