நீர்மாலைக்கு வராதவள்

அப்பா இறந்த மூன்றாவது மாதம்தான், மும்பை குர்லாவில் அவர் நடத்திய தோல் பைப் பட்டறை எங்களுடையது இல்லை என்று தெரியவந்தது. சாவதற்கு இரண்டு வருடம் முன்பே அதைத் தானப் பத்திரமாக எழுதிக் கொடுத்துவிட்டிருந்தார். வாங்கிக்கொண்டவள் அவருடைய இன்னொரு மகள். மகள் என்று அப்போதெல்லாம் என் வாயில் வராது. குர்லாக்காரி பெண் என்றுதான் சொல்வேன். அவள் அம்மாவுக்கு அப்பா தாலி கட்டியதில்லை.

உயில் எழுதியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு எரிந்திருக்காது. உயிரோடு இருக்கும்போதே, குளித்துத் தலைவாரி, அவளைக் கூட்டிக்கொண்டு ரிஜிஸ்ட்ரார் ஆபீசுக்குப் போய், பாதி நாள் காத்திருந்து கொடுத்திருக்கிறார். என் பள்ளிக்கூடத்துக்கு அந்த மனுஷன் ஒரு தடவை வந்ததில்லை. ஞாயிற்றுக்கிழமைகளும் அவர்களுக்குத்தான். தாராவியில் நானும் அம்மாவும் கறிக்குழம்பு வைத்துக்கொண்டு காத்திருப்போம். அவர் குர்லாவில் சாப்பிட்டுவிட்டு ஏப்பத்தோடு வந்து சேருவார்.

எனக்கு ஒரு குறையும் இல்லை. செம்பூரில் வாழ்க்கைப்பட்டேன், சொந்த வீடு இருக்கிறது, கணவருக்கு நல்ல வேலை. ஆனாலும் அந்தப் பட்டறையின் சாவி அவள் இடுப்பில் இருக்கிறது என்று நினைத்தால் சோறு இறங்காது.

மாட்டுங்காவில் ஒரு தமிழ் வக்கீலைப் பிடித்தேன். அவள் அப்பாவுக்குப் பிறந்தவளே இல்லை என்று வாதாட வேண்டும் என்றேன். ஆதாரமும் வைத்திருந்தேன். எங்களில் பிணத்தைக் குளிப்பாட்டும் தண்ணீரை, நீர்மாலை என்போம், மகள்கள்தான் குடத்தில் எடுத்து வர வேண்டும். அன்று தலைக்கு மேல் வேட்டியை விரித்துப் பிடிக்க, குழாயடியிலிருந்து சந்து வழியாகக் குடத்தோடு வந்தது நான் ஒருத்திதான்.

"பெத்த மகளா இருந்தா வராம இருப்பாளா சார்? ஊரே பாத்துச்சு" என்றேன். இதைவிடப் பெரிய சாட்சி உலகத்தில் கிடையாது என்பது என் நினைப்பு.

வக்கீல் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். "கோர்ட்டுல இது எடுபடாதும்மா. பட்டறை அவர் சொந்தமா சம்பாதிச்சது. மகள்னு இல்ல, ரோட்டுல போறவாளுக்குக்கூட அவர் எழுதிக் குடுக்கலாம். மிரட்டி வாங்கினதா ஏதாவது கிடைச்சாத்தான் உண்டு." அதுவரை நான் பார்த்திருந்தது ஒரு பக்கச் சுருக்கம் மட்டும். முழுப் பத்திரத்தின் நகலுக்கு அவர் மனுப் போட்டார்.

நகல் வந்ததும் வக்கீல் மேஜையில் விரித்துவைத்தார். ரிஜிஸ்ட்ரார் ஆபீஸ் கேமராவில் பிடித்த படங்கள் வரிசையாக இருந்தன. அப்பா போட்டிருந்தது நான் பொங்கலுக்கு எடுத்துக் கொடுத்த சட்டை. என் வீட்டுக்கு வரும்போது அதை அவர் ஒரு நாளும் போட்டதில்லை. அவருக்குக் கீழே அவள். சிரிக்கவில்லை, ஆனாலும் தெத்துப்பல் உதட்டைத் தள்ளிக்கொண்டு தெரிந்தது. அச்சு அசலாக அப்பாவின் பல். எனக்கு வரவில்லை. பட்டறையையும் கொடுத்துப் பல்லையும் கொடுத்திருக்கிறாரே என்று வயிறு எரிந்தது. பிறந்தவளே இல்லை என்று வாதாட வந்த வாய் அத்தோடு மூடிக்கொண்டது.

வக்கீல் அடுத்த பக்கத்தைத் திருப்பினார். அது சாட்சிகளின் பக்கம். முதல் சாட்சி என் அம்மா. படமும் கைரேகையும், தமிழில் கோணலாக ஒரு கையெழுத்தும்.

அங்கிருந்து நேரே தாராவிக்குப் போனேன். அம்மா பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தாள். கேட்டதும் மறைக்கவில்லை.

"ஆமா, நாந்தான் கையெழுத்துப் போட்டேன். எழுதிக் குடுக்கச் சொன்னதே நாந்தான்."

"எதுக்கு?"

"உங்கப்பா செத்தா அந்தத் தாயும் மகளும் இந்த வாசல மிதிக்கக் கூடாது. நாலு பேரு முன்னால நான் ஒருத்திதான் தாலி அறுக்கணும். நீ ஒருத்திதான் குடம் எடுக்கணும். அதுக்குப் பட்டறை போனாப் போவுதுன்னு சொன்னேன்."

இத்தனை வருடம் குர்லா என்ற பேச்சையே எடுக்காதவள். என்னைவிடப் பெரிய பொறாமைக்காரி எங்கள் வீட்டுக்குள்ளேயே இருந்திருக்கிறாள். உண்மையைச் சொன்னால், ஒரு நிமிடம் எனக்கு மனசு குளிர்ந்தது.

"குர்லாக்காரி பொண்ணு ஒடனே தலையாட்டியிருப்பாளே. பட்டறைன்னா கசக்குமா?" என்று கேட்டேன்.

அம்மா கையைக் கழுவி முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

"இல்லட்டி. ஆபீஸ் வாசல்ல வச்சே பட்டறை வேண்டாம்னு அழுதா. கடைசியா ஒரு தடவ அப்பா மொகத்தப் பாக்க மட்டும் விடுங்க பெரியம்மான்னு எங் கால்ல விழுந்தா. முடியாதுன்னுட்டேன். உங்கப்பாதான் அதட்டி உள்ள கூட்டிட்டுப் போனாவ."

வழக்குப் போடவில்லை. அதற்காக நான் திருந்திவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். அவள் மேல் எனக்கு இருந்த பொறாமை கூடித்தான் போயிருக்கிறது. அப்பா முகமா பட்டறையா என்று அன்றைக்கு என்னைக் கேட்டிருந்தால், பட்டறை என்றுதான் சொல்லியிருப்பேன்.