பிளேக் கிருமியின் மேலுறையும் மரக்காணத்து உப்பளமும்

மார்ச் இரண்டாம் சனிக்கிழமை மரக்காணம் போனதற்கு உப்பளம் பார்க்கும் ஆசை பாதிக் காரணம்தான். மீதி, என் அறைத்தோழி ஜான்சி. அவள் சென்னையில் ஓர் ஆய்வகத்தில் பிளேக் கிருமியைப் பற்றி ஆராய்கிறாள். பொங்கலுக்குச் சொந்த ஊரான மரக்காணத்துக்குப் போனபோது, அங்கே உப்பளத்தில் வேலை செய்யும் அக்கா அமலி தன் ஆறு மாதக் குழந்தையை இவளிடம் தரவில்லை. "என்னத்த தொட்டுட்டு வர்றியோ" என்றாளாம். மறுபடி தனியாகப் போக ஜான்சிக்கு மனம் வரவில்லை. என்னைத் துணைக்கு அழைத்தாள்.

திருவான்மியூரில் காலை நாலரைக்குப் பாண்டிச்சேரி பஸ். கிழக்குக் கடற்கரைச் சாலையில் சுமார் நூற்றுப்பத்து கிலோமீட்டர், டிக்கெட் நூற்று முப்பது ரூபாய். வழியெல்லாம் அவளைக் கேள்வி கேட்டே வந்தேன். கிருமியின் மேலுறையில் கொழுப்பும் சர்க்கரையும் சேர்ந்த மூலக்கூறு ஒன்று இருக்கிறதாம். விஷம், அதன் கொழுப்புப் பகுதி. நோயைப் பரப்பும் தெள்ளுப்பூச்சியின் குளிர்ந்த உடம்பில் கிருமி இருக்கும்போது அந்தக் கொழுப்புக்கு ஆறு வால்கள். மனித உடம்பின் சூட்டுக்கு வந்ததும் பெரும்பாலும் நான்காகிவிடும். ஆறு வால் இருந்தால் நம் காவல் அணுக்கள் உடனே கண்டுபிடித்துவிடும். நான்கு என்றால் அவ்வளவாகக் கண்டுகொள்ளாது. அதற்குள் கிருமி பெருகிவிடும். எனக்கு மலைப்பாக இருந்தது. அந்த வால்களை எண்ணிச் சொன்னவர்களை நினைத்தால் இன்னும் மலைப்பு.

ஏழரைக்கு இறங்கி, அறுபது ரூபாய் ஆட்டோவில் உப்பளம் சேர்ந்தோம். கண்ணுக்கெட்டும் வரை பாத்திகள், வரப்புகளில் வெள்ளைக் குவியல்கள். அமலி நீளக் கழி மாட்டிய பலகையால் உப்பை இழுத்துக்கொண்டிருந்தாள். அந்த உப்புநீரில் விடியலிலிருந்து நிற்கிறாள். குழந்தை கொட்டகைத் தூளியில் தூங்கியது.

அமலி எங்களுக்குத் தண்ணீர் கொடுத்தாள். தங்கையின் முகத்தைப் பார்க்கவில்லை. ஜான்சியே ஆரம்பித்தாள்: உயிருள்ள கிருமியைத் தான் தொடுவதில்லை, வேறிடத்தில் கொன்று அனுப்பியதிலிருந்து அந்த விஷ மூலக்கூறை மட்டும் பிரிப்பதாக.

"செத்த கிருமியில என்ன விஷம்? கொதிக்க வெச்சா போயிடாதா?"

"கிருமிதான்க்கா சாவும். அந்த விஷம் கொதிச்சாலும் லேசுல போவாது."

நான் ஜான்சியைப் பார்த்தேன். ஆபத்தே இல்லை என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாமே!

"அப்ப உன் கையில ஒட்டிக்கினு வந்தா?"

"க்ளவுஸ் போட்டுத்தான் வேலை. விஷம்தான்க்கா, ரத்தத்துல கலந்தா ஜுரம் வரும், பிரஷர் இறங்கும். ஆனா அதுக்கு உயிர் இல்ல. பெருகாது, யாருக்கும் தொத்தாது."

அமலி தூளிப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். பிறகு, "ஒண்ணுமில்லன்னு சொல்லியிருந்தா நம்பியிருக்க மாட்டேன்டி" என்றாள். கையைக் கழுவிவிட்டுக் குழந்தையைத் தூக்கிவந்து ஜான்சியின் மடியில் போட்டாள். தூக்கம் கலைந்த குழந்தை, சித்தியின் மூக்குக்கண்ணாடியைப் பிடுங்கப் பார்த்தது. ஜான்சி அதைக் கழற்றியவள், வெகுநேரம் மாட்டவேயில்லை.

போகிறவர்களுக்கு: எட்டு மணிக்குள் போய்விடுங்கள், அதற்கு மேல் உப்பின் வெளிச்சத்தில் கண் கூசும். குடிநீர் எடுத்துப் போங்கள். வேலை செய்பவர்களைக் கேட்டுவிட்டு வரப்பில் இறங்குங்கள், படமும் கேட்டுவிட்டு எடுங்கள். திரும்பப் பஸ் அடிக்கடி உண்டு. பத்தரைக்குச் சேர்ந்து கிளம்புவதாகத்தான் திட்டம். நான் நாலு மணி பஸ்ஸில் தனியாக வந்தேன். ஜான்சி ஞாயிற்றுக்கிழமையும் இருந்துவிட்டு வருவதாகச் சொல்லிவிட்டாள்.