தொட்டிப்பாலத்துக் கிரேசி

கை அன்னாசிப்பழத்தைச் சீவிக்கொண்டிருக்கும். கண் பாலத்தின் மேல் இருக்கும். இரண்டையும் ஒரே இடத்தில் வைக்கக் கிரேசிக்குத் தெரியாது. மாத்தூர் தொட்டிப்பாலத்தின் வாசலில், உப்பும் மிளகாய்ப்பொடியும் தடவிய அன்னாசித் துண்டுகளைப் பதினாறு வருடமாக விற்கிறாள். இதுவரை விரலை வெட்டிக்கொண்டதில்லை. பாலத்தில் யார் பாதியில் நின்றுபோவார்கள் என்று சொல்வதிலும் அநேகமாகத் தப்பியதில்லை.

ஒரு குன்றிலிருந்து மறு குன்றுக்குத் தண்ணீரைத் தொட்டியில் சுமந்துபோகிற பாலம் அது. பக்கத்திலேயே ஆள் நடக்க ஒரு பாதை உண்டு. நூறடிக்கும் கீழே பரளியாறு. தென்னையின் உச்சியை அண்ணாந்து பார்த்தே பழகியவர்கள், இங்கே அதைத் தங்கள் காலுக்குக் கீழே பார்க்கிறார்கள். அங்கேதான் பலரும் மாட்டிக்கொள்கிறார்கள். முன்னே போகவும் மாட்டார்கள், பின்னே வரவும் மாட்டார்கள். கைப்பிடியைக் கட்டிக்கொண்டு அப்படியே நிற்பார்கள்.

"சிரிச்சிட்டு முன்னால ஓடுதாளே, அவதான் நிப்பா. பேடிச்சு நடுங்குதவங்களுக்குத்தான் சத்தம் கூடும்" என்பாள் கிரேசி. சொன்ன கொஞ்ச நேரத்தில் பாலத்திலிருந்து அலறல் கேட்கும். கத்தியைக் கழுவி வைத்துவிட்டு, தோளில் கிடக்கும் தோர்த்துத் துண்டை உதறிக்கொண்டு, ரேஷன் கடைக்குப் போகிறவள் மாதிரி நிதானமாக நடப்பாள்.

யார் கையையும் பிடிக்கமாட்டாள். பிடித்தால் முழு ஆளும் மேலே சாய்ந்துவிடும் என்பது அவள் அனுபவம். தோர்த்தின் ஒரு நுனியை அவர்களிடம் கொடுப்பாள், முதுகைக் காட்டிக்கொண்டு முன்னால் நிற்பாள். பிறகு வம்புக்கு இழுப்பாள். நாகர்கோவில் டீச்சர் ஒருத்தியிடம், "அவியலுக்குத் தக்காளி போட்டாத்தான் ருசி, இல்லியா?" என்றாள். அதுவரை கண்ணை இறுக மூடியிருந்த டீச்சர் பட்டென்று திறந்து, "தக்காளியா? அவியலுக்கா?" என்று கேட்டபடி ஓரடி வைத்தாள். அப்புறம் கரைவரை பாடம் நடத்திக்கொண்டே வந்துவிட்டாள். ஆண்களுக்கு வண்டி. மதுரைக்காரர் ஒருவரிடம் அவர் கார் லிட்டருக்கு எட்டுகூடத் தராதாமே என்று கேட்டுவைக்க, மனிதர் கைப்பிடியை விட்டுவிட்டு இரண்டு கையையும் ஆட்டி வாதாடிக்கொண்டே கரையேறினார்.

"கோவம் வந்தா காலு தானா நடக்கும். ஆறுதல் சொன்னியளோ, அங்கேயே இருந்துருவாவ" என்பது கிரேசியின் கட்சி. கரை சேர்ந்ததும் கையில் ஒரு துண்டு அன்னாசியைக் கொடுத்து உண்மையை ஒப்புக்கொள்வாள். "அவியல்ல தக்காளி போடுதவளுக்க கைய ஒடிக்கணும் டீச்சர்" என்பாள். எல்லாரும் சிரித்துவிடுவார்கள்.

போன ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை அவள் கடை போடவில்லை. மகள் லிஜியைப் பெண் பார்க்கக் கருங்கலிலிருந்து வந்திருந்தார்கள். பையன் பெனின், சத்தமாகப் பேசத் தெரியாத பிள்ளை. வந்த வேகத்தில் தன் காபி டம்ளரைத் தானே கழுவி வைத்தவனை எந்த மாமியாருக்குத்தான் பிடிக்காது! லிஜிக்கும் பிடித்துவிட்டது என்று அவள் நாலு தடவை சரிசெய்த தாவணியிலேயே தெரிந்தது. இது கைகூட வேண்டுமே என்று கிரேசி மனதுக்குள் வேண்டிக்கொண்டாள். பையனின் தாயார் ரோஸ்லெட் பலகாரத்துக்குப் பெயர்போனவர். பயறும் வெல்லப்பாகும் எள்ளும் சேர்த்து உருட்டிய முந்திரிக்கொத்தை ஒரு டப்பா நிறையச் சுட்டுக் கொண்டுவந்திருந்தார். "எம்மா, சாப்பாட்டப் பத்தி மட்டும் வாயத் தொறக்காத" என்று லிஜி முந்தின நாளே கையெடுத்துக் கும்பிட்டிருந்தாள்.

காபி முடிந்ததும் ரோஸ்லெட் எழுந்தார். "இவ்வளவு பக்கத்துல வந்திட்டுப் பாலம் பாக்காமப் போகப்பிடாது." சிரித்துக்கொண்டு எல்லாருக்கும் முன்னால் நடந்தார். கிரேசியின் கை அப்போதே தோளில் தோர்த்தைத் தேடியது.

சரியாகப் பாதியில் நின்றார். பெனின் ஓடிப்போய்க் கையைப் பிடித்தான். ஐயோ என்று அலறி அப்படியே உட்கார்ந்துவிட்டார். ஜெபம் சொன்னார், அழுதார், யார் எது சொன்னாலும் தலையை மட்டும் ஆட்டினார். கிரேசி பட்டுச்சேலையில் இருந்தாள், தோர்த்து இல்லை. சேலைத் தலைப்பை அவர் கையில் திணித்து, முதலில் மரியாதையாகத்தான் தொடங்கினாள். "பேடிக்காதிய மைனி, நான் இருக்கேன்லா? பேரப்பிள்ளைய எத்தனை?" மூத்த மருமகளுக்கு எந்த ஊர் என்று கேட்டாள். ரோஸ்லெட் ஜெபத்தை விடவில்லை.

கிரேசி திரும்பி மகளைப் பார்த்தாள். லிஜிக்கு விஷயம் புரிந்துவிட்டது. வேண்டாம் என்று கண்ணாலேயே கெஞ்சினாள். கிரேசி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"ஒண்ணு சொல்லுதேன், தப்பா எடுக்காதிய மைனி. நீங்க கொண்டுவந்த முந்திரிக்கொத்துல பாகு முத்திப்போச்சு. கல்லு! லிஜிக்க அப்பாக்கு ஒரு பல்லே ஆடுது."

ரோஸ்லெட்டின் அழுகை சட்டென்று நின்றது. "என்ன சொன்ன? எனக்க முந்திரிக்கொத்தா? கல்லா?" எழுந்துவிட்டார். "இருபது வருசமா எங்க கோயில் திருவிழாவுக்கு எனக்க கைதான்! பாகு எந்தப் பதத்துல எறக்கணும்னு உனக்குத் தெரியுமாட்டி?"

"எங்களுக்கு என்ன தெரியும்? கடையில வாங்குதது இதவிட மெதுவா இருக்கும்" என்று சொல்லிக்கொண்டே கிரேசி நடந்தாள். ரோஸ்லெட் தலைப்பை விடாமல், திட்டுவதை நிறுத்தாமல் பின்னால் வந்தார். கிரேசியின் சமையல், வீட்டின் அடுக்களை, மாத்தூர்க்காரிகளின் நாக்கு எதுவும் மிச்சமில்லை. ஆறும் தென்னையும் கீழே போய்க்கொண்டிருந்தது அவருக்குத் தெரியவே இல்லை. கிரேசிக்குத்தான் ஒவ்வொரு அடிக்கும் மகளின் கல்யாணம் கைநழுவுவதுபோல் இருந்தது. அந்தப் பாலத்தில் அவள் கைப்பிடியைப் பிடித்து நடந்தது அன்றைக்குத்தான்.

கரைக்கு வந்த பிறகும் ரோஸ்லெட் ஓயவில்லை. உண்மையைச் சொல்லக் கிரேசி இரண்டு தரம் வாயெடுத்தாள், இடம் கிடைக்கவில்லை. லிஜி ஓரமாக நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ரோஸ்லெட் கையை நீட்டி இன்னொரு தரம் சத்தம் போட வந்தபோதுதான், தன் பிடியில் இன்னும் கிரேசியின் சேலைத் தலைப்பு இருப்பதைப் பார்த்தார். விரலை விரித்தார். தலைப்பில் ஒரு முடிச்சு இருந்தது. அதிலிருந்து வெல்லமும் எள்ளும் மணத்தது.

அவிழ்த்தார். அடுக்களையில் காபி ஆற்றும்போது, யாரும் பார்க்காமல் கிரேசி தனக்கென்று எடுத்து முடிந்துவைத்திருந்த இரண்டு முந்திரிக்கொத்தும், அவர் பிடித்த பிடியில் மாவாக உதிர்ந்து கிடந்தன.

ரோஸ்லெட் அந்தப் பொடியைப் பார்த்தார். திரும்பி, தான் நடந்துவந்த பாலத்தைக் கடைசிவரை பார்த்தார். பிறகு ஒரு பிடி அள்ளி, "வாயத் தொறங்க சம்மந்தி" என்று கிரேசியின் வாயில் திணித்தார்.