வாயை மறைத்துப் பேசிய டீச்சர்

டீச்சரை நினைத்தால், அவர் வாயருகே பிடித்திருந்த பழைய கல்யாணப் பத்திரிகைதான் முதலில் நினைவுக்கு வருகிறது. கடலூரில், அரசாங்கப் பேச்சுப் பயிற்சி மையத்தின் பாயில் என் மகளுக்கு எதிரே உட்கார்ந்து, அந்த அட்டைக்குப் பின்னாலிருந்து "பூனை எங்க?" என்பார். உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்ளக் கூடாது, காதால்தான் கேட்க வேண்டும் என்பது அவருடைய முறை. பிறவியிலேயே காது கேளாத மகளுக்கு அரசு செலவில் அறுவை சிகிச்சை செய்து, தலைக்குள் ஒரு கருவியும் காதுக்குப் பின்னால் ஒரு மிஷினும் வைத்திருந்தார்கள். வெளியே இருக்கும் மிஷின் ஓடினால்தான் அவளுக்கு எதுவும் கேட்கும்.

சிதம்பரத்திலிருந்து பஸ் பிடித்துப் போவோம். நான் பதற்றத்தில் கையை ஆட்டி ஆட்டிப் பேசுவேன். "அம்மா, அந்தக் கைய மடியில வைங்க. நீங்க பரதநாட்டியம் ஆடினா பாப்பா ஏன் காதத் தீட்டப்போவுது?" என்று டீச்சர் சிரிக்காமல் சொல்வார். மற்ற அம்மாக்கள் சிரிப்பார்கள். "வீட்லயும் ஜாடை காட்டாதீங்க. காட்டினா பேச்சு வராது."

நான் படித்தவள், சொன்னதைச் சொன்னபடி செய்கிறவள். தாகத்தில் கட்டைவிரலை வாயருகே கொண்டுபோன மகளின் கையை இறக்கிவிட்டு, அவள் "தண்ணி" என்று சொல்லும்வரை டம்ளரைக் கொடுக்காமல் நின்றிருக்கிறேன். சொன்னாள். தண்ணி, பஸ், போலாம், அம்மா. "வீட்ல அம்மா என்ன பண்றாங்க?" என்று டீச்சர் அட்டைக்குப் பின்னாலிருந்து கேட்டதற்கு, "அம்மா ஜாஸ்தி திட்டு" என்றாள். டீச்சர் பத்திரிகையால் முகம் முழுவதையும் மூடிக்கொண்டு குலுங்கினார்.

பிறகு ஒப்பந்தம் முடிந்து டீச்சர் வேறு ஊருக்குப் போய்விட்டார். இந்த மழைக்காலத்தில் மிஷினும் நின்றுவிட்டது. மிஷின் கொடுத்த கடலூர் அலுவலகத்துக்கு எப்போது போனாலும் அங்கிருக்கும் அதிகாரியிடம் ஒரே பதில். "புதுசா ஆபரேஷன்னா உடனே எழுதிடுவேன் மேடம். குடுத்த மிஷின் கெட்டுப்போச்சுன்னா மேலருந்து உத்தரவு வரணும். அவுங்களும் என்ன பண்ணுவாங்க, கொஞ்சம் பொறுத்துக்கங்க." அவர் கெட்டவர் இல்லை. மகளிடம் மிட்டாயை நீட்டி, "உன் பேர் என்ன பாப்பா?" என்று கேட்டார். நான் அத்தனை நேரம் சொன்னதில் அவருக்கு அவ்வளவுதான் விளங்கியிருந்தது.

டீச்சர் சொன்னது தப்பா? இல்லையென்றுதான் நினைக்கிறேன். அவருடைய முறை, மிஷின் ஓடும் குழந்தைக்கானது. அது நின்றுபோனால் என்ன செய்வதென்று யாரும் சொல்லவில்லை. எனக்கும் கேட்கத் தோன்றவில்லை. கொஞ்சம் ஜாடையையும் விட்டுவைத்திருக்கலாமோ? இப்போது நான் கையை அசைத்தால் விளங்காமல் பார்க்கிறாள். சோறு, தண்ணீர், தூக்கம் தவிர எனக்கும் ஜாடை எதுவும் தெரியாது. மிஷின் எப்போது பேசும் என்று கேட்கிற கண்ணுக்கு எந்த ஜாடையைக் காட்டுவது?

தன் குரல் தனக்கே கேட்காததால் அவளுடைய சொற்கள் தேய்கின்றன. தண்ணி, "தண்" ஆகிவிட்டது. பஸ் போயே போய்விட்டது. நேற்று சமையலறை வாசலில் வந்து நின்று "அ" என்றாள். மீதியும் வரட்டும் என்று பழக்கத்தில் காத்திருந்தேன். வரவில்லை. "என்னம்மா?" என்று நான் கேட்டபோது, அவள் திரும்பி நடந்துகொண்டிருந்தாள்.